நாலாவது கண்ணாடி

நெடுஞ்செய்ப்பட்டி
5.8.2025

மரியாதைக்குரிய முத்தரசு மச்சான் அவர்களுக்கு நாகநாதன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், மலையம்மாள், மகன், மருமகள் எல்லோரும் சுகம். திருப்பூரில் நீங்களும் அக்காவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரித்துவிட்டேன்.

கடிதத்தைப் பார்த்ததும் கிழித்துவிட வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகன் கல்யாணத்தன்று நீங்கள் கோபித்துக்கொண்டு குன்றக்குடி மலையேறி, சூடம் ஏற்றி, "இனி நாகநாதனோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்தீர்கள். மறுநாள் நானும் போய் ஏற்றினேன், உங்களைவிடப் பெரிய கட்டியாக. முருகன் முன்னால் சொன்னதை மீற நான் ஆளில்லை. ஆனால் போன வாரம் அதே மலைக்குப் போய் அங்கிருந்த குருக்களிடமே விவரம் கேட்டேன். "நாக்கு அசைஞ்சாத்தான் சத்தியம் முறியும். பேனா அசைஞ்சா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார்.

அக்கா மூலமாகக் கேட்கலாம் என்று போன் போட்டேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் தூது போகவா எங்கப்பா என்னையப் பெத்தாரு?" என்று வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நம் ஊர் தண்ணீர் டேங்க்குக்குப் பதினெட்டு வருஷமாக மோட்டார் போட்டு வால்வு திறப்பவன் நான். இத்தனை நாளும் தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்டார்கள். இப்போது ஊராட்சிச் செயலர் சிவபிரகாஷ் ஒரு புதுப் பதிவேட்டைக் கொடுத்து, டேங்க்கின் தூண் எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் எழுதச் சொல்கிறார். முதல் கேள்வியே "விரிசல் வளர்கிறதா?" என்றிருக்கிறது. விரிசல் என்ன புடலங்காயா வளர்வதற்கு?

கிழக்குத் தூணில், அப்பா பேர் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருப்பது உண்மை. அந்தத் தூண் நிழலில்தான் பொன்னுத்தாயியின் அங்கன்வாடி நடக்கிறது. பதினாறு பிள்ளைகள். அதனால் ஏனோதானோ என்று எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. அப்பா ஊர்த்தலைவராக இருந்து இந்த டேங்க்கைக் கட்டிய 1994-இல், ஒன்றியத்திலிருந்து வந்து சரிபார்த்து "உறுதியாக உள்ளது" என்று கையெழுத்துப் போட்ட ஓவர்சியரே நீங்கள்தான். உங்களை விட்டால் யாரிடம் கேட்பேன்?

பதில் போடுங்கள். பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
நாகநாதன்

*

திருப்பூர்
13.8.2025

திரு. நாகநாதன் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்றும் சேர்த்து எழுதுவது வழக்கம்; எழுதிவிட்டேன். முழங்கால் என் முழங்கால். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் பிளக்ஸ் விவகாரம். காரைக்குடி மண்டபத்து வாசலில் உங்கள் மகன் கல்யாணத்துக்கு வைத்த பிளக்ஸில் ஐம்பத்திரண்டு முகங்கள் இருந்தன. எண்ணினேன். சம்பந்தி வீட்டு நாய் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு இருந்தது. மாப்பிள்ளையின் சொந்த அத்தை புருஷன் நான் மட்டும் அதில் இல்லை. இதை நான் மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இனி தொழில் விஷயம். விரிசல் வளரும். சில விரிசல்கள் பூச்சில் மட்டும் இருக்கும், அப்படியே கிடக்கும். சில விரிசல்கள் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுவதால் நாளுக்கு நாள் விரியும். கண்ணால் பார்த்துத் தெரியாது. ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டவும். பக்கத்தில் தேதி எழுதவும். விரிசல் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான்.

1994-ஐப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பழைய கதை.

முத்தரசு

*

நெடுஞ்செய்ப்பட்டி
26.8.2025

மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். மழைதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நீங்களே பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். பிளக்ஸில் நீங்கள் இருந்தீர்கள். ஓரமாக, வெள்ளைச் சட்டையில், கும்பிட்ட மேனிக்கு இருந்தீர்கள். பிளக்ஸ் கடைக்காரன் சட்டம் அடிக்கும்போது ஓரத்தைப் பின்னால் மடித்து ஆணி அடித்துவிட்டான். நீங்கள் கும்பிட்டபடி மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னபடி பதினேழாம் தேதியே கண்ணாடி ஒட்டிவிட்டேன். சும்மா கண்ணாடி கிடைக்கவில்லை. மலையம்மாளின் பழைய பீரோவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு மூலை உடைந்திருந்தது, அதிலிருந்து எடுத்தேன். அதில் ஒரு சிக்கல். தண்ணீர் பிடிக்க வரும் பொம்பளைகள் எல்லாம் அதில் முகம் பார்க்கிறார்கள். குடம் நிரம்பி வழிந்தாலும் நகர்வதில்லை. மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கிடந்தது, சுரண்டி எடுத்தேன். பொன்னுத்தாயி வந்து, "என்னண்ணே, தூணுக்கு அலங்காரமெல்லாம் பலமா இருக்கு, எதுவும் விசேசம் வச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது.

பதிவேட்டில் "விரிசல் வளர்கிறதா?" என்ற இடத்தில் "இல்லை, கண்ணாடி உடையவில்லை" என்று எழுதினேன். சிவபிரகாஷுக்கு ரொம்பத் திருப்தி.

அக்காவுக்கு என் அன்பு.

நாகநாதன்

*

திருப்பூர்
4.9.2025

நாகநாதன் அவர்களுக்கு,

இங்கு சுகம். உங்கள் அக்காவுக்கு லேசான ஜலதோஷம், குறைந்துவிட்டது.

நான் சட்டத்துக்குப் பின்னால் இருந்தேன் என்பது இந்த மூன்று வருஷத்தில் என் காதுக்கு வராத செய்தி. அது பரிசீலனையில் உள்ளது.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பூசியிருப்பதால் கீறல் விழுந்தாலும் சரியாகத் தெரியாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைக்கவும். மெல்லியதாக இருக்க வேண்டும். கூடவே விரிசலின் அகலத்தையும் பார்க்கவும். முதலில் ஒரு போஸ்ட் கார்டின் ஓரத்தை நுழைத்துப் பார்க்கவும். நுழைந்தால் ஒரு ரூபாய்க் காசை முயற்சி செய்யவும். காசு நுழைகிற அளவு வந்தால் தாமதிக்காமல் எனக்கு எழுதவும்.

கண்ணாடி ஒட்டி ஒன்பது நாளில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதமாவது போகட்டும். எதையும் அவசரப்பட்டு "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. கையெழுத்து என்பது விளையாட்டல்ல.

முழங்கால் பரவாயில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம்.

முத்தரசு

*

நெடுஞ்செய்ப்பட்டி
30.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். வெந்நீரில் கொஞ்சம் நொச்சி இலை போடச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள். எனக்கும் நாலு நாளாக இருமல்.

இங்கே எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. போஸ்ட் கார்டு நுழைகிறது. காசும் நுழைகிறது, ஆனால் கீழே விழாமல் அப்படியே நிற்கிறது. அந்த அளவுக்குப் பிடிமானம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நாலாவது கண்ணாடி நல்ல கெட்டி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் தாங்கவில்லை என்பதால் காரைக்குடியில் டீப்பாய்க்குப் போடும் கண்ணாடியை வெட்டி வாங்கி ஒட்டியிருக்கிறேன். கனம் ஆறு மில்லி மீட்டர். இது எப்பேர்ப்பட்ட விரிசலையும் இழுத்துப் பிடித்துவிடும். செப்டம்பர் பதிவிலும் "உடையவில்லை" என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிய அன்று அது உடைந்திருக்கவில்லை, சத்தியம்.

ஊரில் சிலர் பயமுறுத்துகிறார்கள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மச்சான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தூண், இன்னும் முப்பது வருஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டேன்.

நாகநாதன்

*

திருப்பூர்
4.10.2025
(விரைவுத் தபால்)

மாப்பிள்ளை,

நலமெல்லாம் பிறகு.

நாலாவதா?

கண்ணாடி விரிசலைப் பிடித்து நிறுத்த வைத்த கட்டு அல்ல. உடையட்டும் என்றுதான் அதை வைப்பதே! உடைவதுதான் அதன் வேலை. அது உடைந்தால் நமக்குச் சேதி. நீ சேதி வரவர அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறாய்.

ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் உடைந்தது? உடனே எழுது. அதற்கு முன்னால் டேங்க்கில் இருக்கும் தண்ணீரை இறக்கு. பிள்ளைகளை அங்கிருந்து அப்புறப்படுத்து.

முத்தரசு

*

திருப்பூர்
14.10.2025

மாப்பிள்ளை,

பத்து நாளாகப் பதில் இல்லை. தபால் ஆபீஸில் விசாரித்தேன். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு உனக்குப் போன் செய்தது நான்தான். சத்தியம் போனால் போகட்டும் என்றுதான் செய்தேன். "தண்ணியத் தெறந்து விடுறா, பிள்ளைகளத் தூக்குறா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தரம் இருமினாய். பிறகு வைத்துவிட்டாய். உன் அக்கா பக்கத்தில் நின்று, "அது அவன் இருமல்தான், நல்லாத் தெரியும். ஒங்களவிட அவனுக்குப் பக்தி சாஸ்தி" என்று சொன்னாள்.

சாமி குற்றம் முழுக்க என்மேல் இருக்கட்டும். நீ பேச வேண்டாம். எழுது. தேதிகள் வேண்டும். இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் குடி.

முத்தரசு

*

நெடுஞ்செய்ப்பட்டி
16.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இருமல் குறைந்துவிட்டது. மற்றபடி உடம்பு சுகம். மனசு சுகமில்லை.

நீங்கள் போனில் பேசியது என் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் குன்றக்குடி மலையில் கூட்டம், முருகன் காதிலும் விழுந்திருக்காது. உங்கள் சத்தியம் சேதமில்லாமல் இருக்கிறது.

தேதி கேட்டீர்கள். முதல் கண்ணாடி இருபது நாள் தாங்கியது. இரண்டாவது பத்து நாள். மூன்றாவது நாலு நாள். நாலாவது, அந்த டீப்பாய்க் கண்ணாடி, உங்கள் விரைவுத் தபால் வந்த அன்று காலையில் பார்த்தபோது இரண்டாகக் கிடந்தது.

கண்ணாடி எதற்கென்று எனக்கு முதலில் விளங்கவில்லை என்பது பாதி உண்மை. இரண்டாவது உடைந்தபோதே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும்தான் ஒட்டினேன். ஐப்பசி கடைசியில் ஒன்றியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். கண்ணாடி முழுசாக இருந்தால் பூசி, வர்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். உடைந்த கணக்குத் தெரிந்தால் இடிக்க எழுதிவிடுவார்கள். புது டேங்க் கண்மாய்க்கரைப் பக்கம் வருமாம். அதில் திட்டத்தின் பேரைத்தான் போடுவார்கள், "சேவுகப்பெருமாள்" என்று யார் போடப் போகிறார்கள்? அப்பா பேர் இந்த ஊரில் வேறெங்கே எழுதியிருக்கிறது? தினமும் காலையில் வால்வைத் திறக்கும்போது அந்தக் கல்லை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் திறப்பேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டேன். மேலத்தெருவுக்கு ஏறாமல் என்னைத் திட்டுகிறார்கள். பிள்ளைகளை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு மாதம்தானே மச்சான். அன்றைக்கு நீங்கள் பார்க்காத தூணா? உங்கள் கையெழுத்தை நம்பித்தான் நான் தூங்குகிறேன். அதனால் இந்தத் தேதிகளை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நாகநாதன்

*

திருப்பூர்
18.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். இங்கு உன் அக்கா முறுக்குச் சுடுகிறாள். அவளுக்குத் தெரியாமல் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கையெழுத்தை நம்பித் தூங்குவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து நான் தூங்கவில்லை.

கான்கிரீட் தூணைச் சோதிக்கக் கண்ணாடிக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. கெட்டியான தூண் ணங்கென்று சொல்லும். உள்ளே பொள்ளலாக இருந்தால் பொத்தென்று சொல்லும். கொத்தனாருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அதை உனக்கு ஒரு கடிதத்திலும் நான் எழுதவில்லை. நீ தட்டிவிடுவாய் என்ற பயம்.

1994 ஆவணி மாதம் உன் அப்பா ஜீப் அனுப்பி என்னை அழைத்துப் போனார். கையில் சுத்தியலோடுதான் இறங்கினேன். நாலு தூண், ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து மேல்வரை தட்ட வேண்டும். வடக்குத் தூணிலிருந்து ஆரம்பித்து மூன்றை முடித்துவிட்டேன். நாலாவதுக்கு, அந்தக் கிழக்குத் தூணுக்கு வரும்போது உன் வீட்டிலிருந்து ஒரு பெண் காபி கொண்டு வந்தாள். "சார், சீனி போதுமா பாருங்க" என்றாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காபியை வாங்கினேன். சீனி போடவே இல்லை, மறந்திருக்கிறாள். "போதும்" என்றேன். அவள் திரும்பிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் அப்பா தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். சுத்தியலை அங்கேயே மறந்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

கிழக்குத் தூணை நான் தட்டவே இல்லை, மாப்பிள்ளை. யாருமே தட்டவில்லை. முப்பத்தொரு வருஷமாக ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தூணைப் பார்க்காமல் அந்தப் பக்கமாகச் சுற்றித்தான் போவேன். பிளக்ஸில் என் படம் இல்லாததற்கு அவ்வளவு கோபப்பட்டதில் பாதி, இனி அந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதிதான். வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதையே சுருக்கமாக எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கும் இன்று அனுப்புகிறேன். ஓய்வு பெற்றவனை என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும். உன் அப்பா நல்ல மனுஷன். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுக்கத்தான் அதைக் கட்டினார். ஒரு பிள்ளைமேல் விழுந்தால் அந்தக் கல்லில் இருக்கும் பேரை ஊர் எப்படிச் சொல்லும் என்று யோசி.

ஒரு சுத்தியலை எடு. தட்டு. என்னை நம்பாதே.

உன் மச்சான்
முத்தரசு

*

நெடுஞ்செய்ப்பட்டி
9.11.2025

அன்பு மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் பதினாறு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் வந்தது. படித்துவிட்டு மலையம்மாள் இஞ்சி தட்டும் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். மற்ற மூன்று தூணும் கோயில் மணி மாதிரிப் பேசின. கிழக்குத் தூண் பலாப்பழத்தைத் தட்டின மாதிரிச் சொன்னது. இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரைக்கும் அதே சத்தம். 

அங்கேயே வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். "எண்ணே, தண்ணி தெருவுல ஓடுது, ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று பொன்னுத்தாயி ஓடி வந்தது. விவரத்தைச் சொன்னதும் பிள்ளைகளைக் கைக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு நடந்தது. இப்போது அங்கன்வாடி என் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. என் ஈசிசேரில் ஒருவன் தூங்குகிறான். ஒருத்தி என் மீசையைப் பிடித்துத்தான் பாட்டுப் பாடுவேன் என்கிறாள். நான் பதிவேட்டில் நாலு கண்ணாடியையும் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிவபிரகாஷ் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு ஒங்களுக்கு மெமோ வரும்ணே" என்றார். வந்துவிட்டது. நியாயமான மெமோதான்.

போன மாதம் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டே கால் மணிக்குக் கிழக்குத் தூணின் பாதிச் சதை பொலபொலவென்று விழுந்தது. தண்ணீர் இல்லாததால் டேங்க் நின்றுவிட்டது. அப்பா பேர்க் கல்லும் சேர்ந்து விழுந்து மூன்று துண்டாகிவிட்டது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தட்டு வைத்துச் சாப்பிடும் இடத்தில் விழுந்தது, மச்சான். பன்னிரண்டே கால்தான் அவர்கள் சாப்பிடும் நேரம். நான் ஓடிப் போய் அந்தத் துண்டுகளைப் பார்த்தேன். அப்பா பேரைப் படிக்க வரவில்லை. அழுதேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளை எண்ணினேன். பதினாறும் இருந்தது. மறுபடி எண்ணினேன். மலையம்மாள், "எத்தன தடவதான் எண்ணுவீக, சோறு ஆறுது" என்று அதட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

ஒன்று தெரியுமா? நீங்கள் மாடியில் ஒளிந்து எழுதிய அந்தக் கடிதத்தைத் தபாலில் போடும் முன்னால் அக்கா பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறாள். கடிதம் என் கைக்கு வந்த அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். தூது போகமாட்டேன் என்றவள் முக்கால் மணி நேரம் பேசினாள். "என்னையப் பாத்துக்கிட்டே நின்னு தூணப் பாக்காம விட்டுட்டாராம்டா! முப்பத்தொரு வருசத்துல ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்காரா பாரு அந்த மனுசன்" என்று அழுகிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். திருப்பூரில் உங்கள் தெரு முழுக்க அவள் சொல்லி முடித்திருப்பாள். நீங்கள் இரண்டு வாரமாக ஏன் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தால், காரணம் இதுதான்.

பழைய டேங்க்கைத் தை மாதம் இடிக்கிறார்கள். புது டேங்க்குக்கு மாசியில் தூண் எழும்புகிறது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்க்க எங்கள் தரப்பில் ஒரு ஆள் வருவார் என்று சொல்லி உங்கள் பேரைக் கொடுத்துவிட்டேன். தப்புச் செய்தவரையா கூப்பிடுகிறாய் என்று ஒருவர் கேட்டார். இனி அவரைப் போலத் தட்டுகிறவர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

நீங்கள் அவசியம் வர வேண்டும். என்னோடு பேச வேண்டாம், வந்து நின்றால் போதும். நல்ல கனமான சுத்தியல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். தூண் தட்டுகிற அன்றைக்கு அக்காவை மட்டும் அழைத்து வர வேண்டாம்.

உங்கள் மைத்துனன்
நாகநாதன்